மடுல்சீமை ஏற்றத்தில் ஒரு மஞ்சள் விளக்கு

பசறை தாண்டி மடுல்சீமை ஏற்றத்தில் என் டீசல் வான் முக்குகிறது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு பதுளையிலிருந்தே எரிகிறது. நோயாளி சொல்லியிருந்தால் உடனே பார்த்திருப்பேன். வண்டி சொன்னதால் கேட்கவில்லை. இப்போது இழுவையும் போய்விட்டது. பின்கண்ணாடியில் தேயிலை தெரியவில்லை, கரும்புகைதான் தெரிகிறது. மேலே தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சல்காரர்கள் காத்திருக்கிறார்கள். டொக்டராக நான் அங்கே போவது மாதத்தில் ஒரு நாள்தான்.

வழியிலிருக்கும் தேயிலை பெக்டரி வாசலில் நிறுத்துகிறேன். அங்கே லொறி திருத்தும் செல்லையா சைலன்சருக்குள் விரல் விட்டுக் கரியைப் பார்த்துவிட்டு, பொனட்டைத் திறந்து ஒரு வால்வைக் கழற்றுகிறார்.

"புகையில கொஞ்சத்தத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்புறது இதுதாங்க. கரி புடிச்சு, வாயத் தொறந்தபடியே நிக்குது. மூச்சு முட்டாம என்ன செய்யும்?"

மண்ணெண்ணெயில் ஊறவைக்கிறார். கரியைச் சுரண்ட நான் ஸ்குரூ டிரைவரை நீட்டுகிறேன், தள்ளிவிடுகிறார்.

"இரும்பு பட்டா கீறிருங்க. தொண்டை பாக்குற மரக்குச்சி வச்சிருப்பீங்கல்ல, அதக் குடுங்க."

ஆறு குச்சிகள் கருத்துப்போகின்றன. வால்வு விரலுக்கு இலகுவாக அசைகிறது. பூட்டி ஸ்டார்ட் செய்தால் புகை இல்லை. ஆனால் விளக்கு எரிகிறது.

"லைட் இன்னும் அணையேல்லையே?"

"காய்ச்சல் விட்ட பொறகும் மூணு நாளைக்கு மருந்து குடின்னு எழுதுறீங்கல்ல? அதுவும் அப்படித்தான், ரெண்டு மூணு நாள் எரிஞ்சுட்டு அணையும். நீங்க போங்க."

இரண்டாம் கியரில் ஏறுகிறேன். பின்கண்ணாடி முழுக்கத் தேயிலை.