அவள் மட்டும் வேண்டாம் என்று ஜெபித்தேன்

போன வருஷம் ஆனி மாசம் என் இடது கணுக்காலுக்கு மேலே கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு வந்தது. சொறிந்தேன். புண்ணானது. ஆடி போய் ஆவணி வந்தும் அது ஆறவில்லை. உள்ளங்கை அளவுக்குப் பரவி, நீர் வடிந்துகொண்டே இருந்தது. வாடை வேறு. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகத்தைத் திருப்பும்போது நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வேன்.

நான் லில்லி. ஓரிக்கையில் இருக்கிறேன். கல்யாணம் ஆனதிலிருந்து பட்டுக்கடையில்தான் வேலை. மெத்தையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நின்றுகொண்டே குனிந்து குனிந்து புடவை விரித்துக் காட்ட வேண்டும். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு ரொம்ப நாளாகிறது. அதை ஒரு வியாதியாகவே நான் நினைக்கவில்லை.

கடையில் எங்களுக்கு ஒரு இன்சூரன்ஸ் கார்டு கொடுத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். படுக்கையில் சேர்ந்தால்தான் கார்டு செல்லும், வந்து வந்து கட்டு மாற்றுவதற்கெல்லாம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். களிம்பு வாங்கி நானே தடவினேன். வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் சபை முழுக்க ஜெமிமா பேச்சு.

ஜெமிமா யார் என்று சொல்ல வேண்டும். அவளும் நானும் ஒரே வயசு. என் வீட்டுக்காரர் தாமஸுக்கு முதலில் பெண் கேட்டது அவளைத்தான். நர்ஸ் படிப்பை முடிக்கணும், வெளிநாடு போகணும் என்று அவள் சொன்னதால் என்னைக் கேட்டார்கள். என் மாமியார் உயிரோடு இருந்தவரைக்கும் அதை மறக்கவே இல்லை. "அது வந்திருந்தா இந்த வீடு வேற மாதிரி இருந்திருக்கும்" என்பார். சோறு குழைந்தாலும் இதே பேச்சு, கூரை ஒழுகினாலும் இதே பேச்சு.

அவள் மஸ்கட்டில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணம் பண்ணிக்கொள்ளாமலே திரும்பி வந்தாள். பிள்ளையார்பாளையத்தில் தறி போட்ட வீடுகளுக்கு நடுவே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, இன்னும் இரண்டு நர்ஸுகளைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் பார்க்கிறாள். குடும்பத்துக்கு மாசம் ஒரு சின்னத் தொகை கட்டினால் போதும். எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம், போன் பண்ணலாம், முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வருவார்கள். கார்டும் கிடையாது, கிளெய்மும் கிடையாது. மருந்து எழுத ஒரு டாக்டரம்மா வாரத்தில் ஒருநாள் வருவார். "ஒரு மணி நேரம் உக்காந்து கேக்குதுமா அந்தப் பொண்ணு, தூக்கம் வருதான்னு கூட கேக்குது" என்று எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரியும். ஆராதனையில் அவள் பாடினால் நான் பைபிளைப் புரட்டுகிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன். அவள் குரல் நன்றாக இருக்கும். அதுவும் எனக்குப் பொறுக்காது.

ஆவணி முகூர்த்த சமயம். கடையில் நிற்க இடமில்லை. ஒரு கல்யாண வீட்டார் முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அரக்குச் சிவப்பில் ஒரு புடவையை விரிக்க மண்டிபோட்டேன். எழுந்தபோது மெத்தை விரிப்பில் மஞ்சளாக ஒரு ஈரத் திட்டு. பெண்ணின் அம்மா அதையும் பார்த்தார், என் காலையும் பார்த்தார். பெண்ணின் கையைப் பிடித்து வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போனார். முதலாளி நல்ல மனுஷன். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கால் ஆறின பிறகு வாம்மா" என்றார். அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் முழங்கால் போட முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும். ஜெமிமா மட்டும் வேண்டாம்" என்று ஜெபித்தேன். சத்தியமாக இப்படித்தான் ஜெபித்தேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் தாமஸ் ஆரம்பித்தார்.

"லில்லி, ஜெமிமா கிட்ட காட்டிட்டு வரலாமா?"

"ஏன், உங்களுக்கு அவளப் பாக்கணுமா? அதுக்கு என் காலுதான் கெடச்சுதா?"

அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். "எனக்கு உன் கால் வேணும்மா" என்றார். சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் அவரிடம் சொல்லாமல் நான் மட்டும் போனேன். இருபக்கமும் தறிச் சத்தம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே திரும்பிவிடலாமா என்றிருந்தது. ஜெமிமா என்னைப் பார்த்துவிட்டாள். "வா லில்லி" என்றாள். எதற்கு வந்தாய், ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்றெல்லாம் கேட்கவில்லை. நான் கட்டியிருந்த துணி புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்து எடுத்தாள். வாடைக்கு அவள் முகம் சுளிக்கவில்லை. பெரிய வியாழன் அன்று எங்கள் சபைப் போதகர் ஐயர் எல்லாருடைய காலையும் கழுவுவார். அது ஞாபகம் வந்தது. ஆனால் என் மனசு அப்போதும் அடங்கவில்லை. அவள் கை எவ்வளவு அழகாக இருக்கிறது, என் கை காய்த்துப்போயிருக்கிறதே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன சாப்பிடுகிறேன், தண்ணீர் யார் தூக்குகிறார்கள், எப்போது உட்காருகிறேன், எதற்கு அழுகிறேன் என்றெல்லாம் கேட்டாள். பாதத்தில் ஒரு சின்ன மிஷினை வைத்து ரத்த ஓட்டம் பார்த்தாள். "நரம்பு சுருட்டிக்கினதாலதான் இது ஆறல. டாக்டரம்மா ஒரு தடவ பாத்து சரின்னு சொல்லட்டும். அப்புறம்தான் இறுக்கிக் கட்டணும்" என்றாள். டாக்டரம்மாவும் பார்த்தார். அடுக்கடுக்காகக் கட்டுப் போட்டார்கள். புண் சுருங்க ஆரம்பித்தது.

இங்கேதான் சத்துருவாகிய சாத்தான் புகுந்தான். ஒருநாள் தாமஸ் போனில் அவள் பெயர் வந்தது. அவர் வாசலுக்குப் போய்ச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் இருட்டியது. உள்ளே போய்க் கத்தரிக்கோலால் கட்டை முழுக்க அறுத்துப் போட்டேன். சில நாளிலேயே கால் பழையபடி வீங்கி, மூடிக்கொண்டிருந்த புண் வாயைத் திறந்தது. காய்ச்சலும் வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் ஒழுங்காக ஜெபித்தேன். காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஆண்டவரே, இந்தப் பொறாமை என்னைக் கொன்னுடும் போலிருக்குது. எடுத்துப்போடும்" என்று மட்டும் சொன்னேன்.

கதவு தட்டுகிற சத்தம். ஜெமிமாதான். கட்டு மாற்ற நான் வரவில்லை என்று வீட்டுக்கே வந்துவிட்டாள். என் காலைப் பார்த்தாள், மூலையில் கிடந்த துணியைப் பார்த்தாள். எனக்குள் இருந்ததை அடக்க முடியவில்லை. கேட்டேவிட்டேன்.

"நீ இன்னும் அவர நெனச்சிக்கினு இருக்கியா?"

அவள் பையைத் திறந்தபடியே சொன்னாள். "அப்போ நெனச்சேன் லில்லி. மஸ்கட் போன புதுசுல ஒரு வருஷம் போல அழுதுகினு கெடந்தேன். அப்புறம் வேலை சரியாப் போச்சு, மறந்துட்டேன். உன் வீட்டுக்காரருக்கு நான் போன் பண்ணது கீரையும் முட்டையும் வாங்கச் சொல்லி. தண்ணி நீங்கதான் தூக்கணும்னும் சொன்னேன். மொதல்ல சோறு வடிக்கக் கத்துக்கறேன்னாரு, சிரிச்சிட்டேன். காலத் தூக்கு."

இல்லவே இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நினைத்தேன் என்று சொன்னாளே, அதில் என் நெஞ்சு லேசாகிவிட்டது. அழுதேன். காலைத் தூக்கிக் கொடுத்தேன். டாக்டரம்மாவிடம் போனிலேயே கேட்டுக் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வைத்துவிட்டுத்தான் அவள் கிளம்பினாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் புண் மூடிவிட்டது. பளபளப்பாக ஒரு தழும்புதான் இருக்கிறது. பொங்கல் கழித்து வேலைக்குப் போனேன். ஜெமிமா முதலாளியிடம் வந்து பேசினாள். இப்போது எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு ஸ்டூல் போட்டிருக்கிறார். தாமஸ் சோறு வடிக்கிறார், இன்னும் குழைகிறது. நாங்களும் மாசாமாசம் கட்டி அங்கேயே பார்த்துக்கொள்கிறோம்.

பொறாமை சுத்தமாகப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. போன ஞாயிறு அவள் பாடும்போது சுருக்கென்றது. ஆனால் இப்போது தலையைக் குனிவதில்லை. "இதையும் பாத்துக்கோங்க ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு, அவளோடு சேர்ந்து பாடுகிறேன். என் குரல் கர்ணகடூரம்தான், பரவாயில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஆறாத புண் ஏதாவது இருக்கும். உடம்பிலோ, மனசிலோ. ஆண்டவரிடம் தைரியமாகக் கேளுங்கள். கட்டாயம் அனுப்புவார். யார் கையில் அனுப்புகிறார் என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கதவைத் திறந்து, உள்ளே வா என்று சொல்லுங்கள்.