ரோட்டைப் பார்த்த வண்டி

“...அப்ப ஒண்ணு பண்ணுங்க சார். காங்கிரீட்டு காயற வரைக்கும் ஊர்ல ஒருத்தரும் அடுப்புப் பத்த வைக்கக் கூடாதுன்னு தண்டோராப் போட்டுருங்க. இல்லீன்னா, மணி அடிச்சா நான் வண்டியை எடுக்கத்தான் போறனுங்க.”

சொன்னவர் டிரைவர் பொன்னுசாமி. சொன்ன இடம், என் சைக்கிள் கடைக்கு எதிரே இருக்கும் ஃபயர் ஸ்டேஷன் வாசல். கேட்டுக்கொண்டு நின்றவர் கட்டட இன்ஜினியர் வரதராஜன். போன செவ்வாய்க்கிழமை காலை நடந்தது இது. என் கை ஒரு டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தது. காது மட்டும் ரோட்டைத் தாண்டிப் போயிருந்தது.

பொன்னுசாமி எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்து மனிதர். எவ்வளவு கோபம் வந்தாலும் பேச்சில் ‘ங்க’ குறையாது. அந்த ‘ங்க’வை நம்பி, ஆள் இளகிவிட்டார் என்று நினைத்தவர்கள் எல்லாம் ஏமாந்திருக்கிறார்கள்.

ஸ்டேஷன் மகாராஜா காலத்துக் கட்டடம். வாசல் வளைவு பார்க்க அழகு. ஆனால் சர்க்கார் அனுப்பப்போகும் புது வண்டி அதற்குள் நுழையாது. வளைவை உயர்த்த வேண்டும். ஒழுகுகிற கூரையை மாற்ற வேண்டும். குண்டும் குழியுமான முன்தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். எல்லாம் தசராவுக்குள் முடிய வேண்டும். நல்ல காரியம்தானே? யார் வேண்டாம் என்றார்கள்?

இன்ஜினியரின் முதல் திட்டம் என்ன தெரியுமா? வேலை முடிகிறவரை ஸ்டேஷனைப் பூட்டிவிட்டு, வண்டியை ஊர்க்கோடியில் ஒரு ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்துவது. அங்கிருந்து மார்க்கெட் இருக்கிற தேவராஜ மொஹல்லாவுக்கு வர ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். கேட் மூடியிருந்தால்? நெருப்பும் ரயில் போகிறவரை காத்திருக்குமா?

நம் ஊரில் இது ஒரு வியாதி. எதையாவது நன்றாக ஆக்க வேண்டும் என்றால் முதல் வேலையாக அதை மூடிவிடுவார்கள். வாசகசாலைக்கு வெள்ளையடிப்பா — பூட்டு. தெருக்குழாயைப் பெரிசாக்குவதா — ஒரு பருவம் முழுக்கத் தண்ணீர் கிடையாது. கேட்டால் உடனே அந்த மந்திரம்: “ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.” பண்ணிக்கொண்டே இருக்கிறோம்... ஆயுசு போகிறது.

பொன்னுசாமி பண்ணிக்கொள்ளவில்லை. ஸ்டேஷன் ஆபீசரையும் இன்ஜினியரையும் கூட்டிவைத்துப் பேசினார். தசரா வந்தால் மார்க்கெட் எப்படி இருக்கும்? சந்து முழுக்க வைக்கோலும் பழப்பெட்டியும் கற்பூரமும் எண்ணெய் டின்னும். அந்த நேரத்தில் வண்டி ஊர்க்கோடியில் இருப்பதா? கடைசியில் ஒப்பந்தம் ஆனது. தளத்தைப் பாதி பாதியாகப் போடுவது. ஒரு பாதி காயும்போது மறுபாதி வழியாக வண்டி போய்வரும். ஸ்டேஷன் ஒரு நாள்கூட மூடாது. இன்ஜினியர் தலையாட்டினார். ஆபீசர் நிம்மதியாக பெங்களூருக்கு ஏதோ டிரெயினிங்குக்குப் போனார்.

அங்கேதான் நல்ல நேரம் குறுக்கே வந்தது.

செவ்வாய் விடியற்காலை நல்ல முகூர்த்தமாம். எமகண்டத்துக்கு முன்னால் வேலை முடிந்தால் கட்டடம் நூறு வருஷம் நிற்குமாம். கான்ட்ராக்டர் கலவை மெஷினோடு வந்தார். மஞ்சள், குங்குமம், கற்பூரம், தேங்காய். இரவு ஷிப்ட் ஆட்கள் தடுத்தார்களா என்று கேட்காதீர்கள். பூஜை நடக்கும்போது யார் சார் தடுப்பார்கள்? கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், பிரசாதம் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் பொங்கலைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் பாதித்தளம் போட்டாகிவிட்டது. மங்களகரமாக ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்தலாமா என்று மறுபாதியையும் போட்டுவிட்டார்கள்! ஓடுகிற வண்டி ஒன்றே ஒன்று. இன்னொன்று வொர்க் ஷாப்பில். அந்த ஒன்று இப்போது உள்ளே. வாசல் முழுக்க ஈரக் காங்கிரீட். நடுவே சிவப்புத் துணி கட்டிய ஒரு கயிறு.

காலை ஷிப்டுக்கு வந்த பொன்னுசாமி பார்த்தார். அப்போது சொன்னதுதான் மேலே நீங்கள் படித்தது.

இன்ஜினியரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன் தளத்தின்மேல் உயிரையே வைத்திருக்கிற மனிதர். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். அவசரம் என்றால் வேறு ஸ்டேஷன் வண்டி வரும் என்றார். மீறி வண்டியை எடுத்தால் ரிப்போர்ட் எழுதுவேன், வேலை போகும் என்றும் சொன்னார். பொன்னுசாமி ஒரு துணியை எடுத்துக்கொண்டார். உள்ளே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஸ்டேஷன் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கே போய் எவ்வளவு களைத்துத் திரும்பினாலும் வண்டியைப் பின்பக்கமாகத்தான் உள்ளே விடுவார்கள். முகம் ரோட்டைப் பார்க்க வேண்டும். அப்புறம் டாங்கியில் தண்ணீர் நிரப்ப வேண்டும். அதற்கப்புறம்தான் டீ. வண்டி மட்டுமில்லை, கழற்றிவைக்கிற பூட்ஸின் மூக்குகூட ரோட்டைத்தான் பார்க்கும். திரும்பி நிற்கிற செருப்பைப் பார்த்தாலே பொன்னுசாமிக்குக் கை ஊறும். என் கடை வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளையே காலால் திருப்பிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் மணி அடித்தது.

மார்க்கெட் பின்சந்தில் பழக்கிடங்கு. வைக்கோலில் நெருப்புப் பிடித்திருக்கிறது. பக்கத்துச் சுவர் எண்ணெய்க் கடை. செய்தி வந்த கையோடு வண்டி உறுமியது. இன்ஜினியர் கயிற்றின் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். பொன்னுசாமி கத்தவில்லை. வண்டி மணியை ஒரே ஒரு தட்டுத் தட்டினார். இன்ஜினியர் விலகினாரா, வழுக்கினாரா... சத்தியமாகத் தெரியாது. ஆனால் ஓரமாய்ப் போய் நின்றபோது அவர் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. மற்றது காங்கிரீட்டில் நட்டுக்கொண்டு நின்றது. கயிறு அறுந்தது. சக்கரம் அடி ஜல்லி வரை இறங்கியது, திணறியது, ஏறியது... போய்விட்டது.

கடையை அப்படியே போட்டுவிட்டு நானும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். சந்து வாயில் போர்ட்டர்கள் தள்ளுவண்டிகளைத் தூக்கியே ஓரம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பூக்காரி தேவம்மா பூவுக்குத் தெளிக்கிற தண்ணீரை நெருப்பில் வீசிவிட்டு, காலி வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய்க் கடைச் சுவர் கறுத்ததோடு சரி. நெருப்பு அந்தப் பக்கம் போகவில்லை. போயிருந்தால் இந்த வாரம் பத்திரிகையில் நான் வேறு மாதிரிப் பத்தி எழுதியிருப்பேன்.

புகை அடங்கியதும் தேவம்மா வண்டிச் சக்கரங்களைப் பார்த்தாள். நாலிலும் சிமெண்ட் அப்பியிருந்தது. “ஏனண்ணா, கல்யாணப் பொண்ணு மாதிரி காலுக்கெல்லாம் பூசிண்டு வந்திருக்கு உங்க வண்டி?”

“முகூர்த்த நாளுங்க தாயீ,” என்றார் பொன்னுசாமி.

சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது.

ரிப்போர்ட் போயாகிவிட்டது. இன்றுவரை மேலிடத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. வந்தால் மார்க்கெட்டே கிளம்பிப் போய் ஆபீஸ் வாசலில் உட்காரும் என்று போர்ட்டர்கள் சொல்லிவிட்டார்கள். நானும் போவேன். வீணான தளத்தைப் பெயர்த்து மறுபடி போடுகிறார்கள் — இந்த முறை பாதி பாதியாக. இதைப் படித்துவிட்டு இன்ஜினியர் சார் என் கடைக்குக் காற்றடிக்க வராமல் போகலாம். போகட்டும்.

ஆனால் அன்றைக்கு வண்டி திரும்பி வந்ததைச் சொல்லாமல் எப்படி முடிப்பது? வாசலில் ஒற்றைச் செருப்போடு அவர் காத்துக்கொண்டிருந்தார். போனது போகட்டும், வண்டி ரோட்டிலேயே நிற்கட்டும், இறுகுவதற்குள் தடத்தையாவது பூசிவிடுகிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

“டாங்கி காலிங்க சார். குழாய் உள்ளாறதானுங்க இருக்குது.”

அவ்வளவுதான் பேச்சு. பொன்னுசாமி வண்டியைத் திருப்பினார். பின்பக்கமாக, போன தடத்திலேயே சக்கரம் வைத்து, ஒரு விரற்கடைகூடப் புதிதாகக் கெடுக்காமல் உள்ளே விட்டார். முகம் ரோட்டைப் பார்த்து நின்றது. டாங்கிக்குக் குழாயை மாட்டினார். பிறகு காங்கிரீட்டில் நின்ற செருப்பைப் பிடுங்கி, குழாயடியில் நன்றாகக் கழுவி, இன்ஜினியர் காலடியில் கொண்டுவந்து வைத்தார் — மூக்கு ரோட்டைப் பார்க்க.