கொழுந்தன் கேட்டாலும் சொல்லாதே

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்றாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. என் பெயரை எழுதுவேன், அதுவும் நான்கு முறை எழுதினால் நான்கு விதமாக வரும். அப்பேர்ப்பட்ட என்னிடம் வந்து, "அண்ணாச்சி, இத நீங்கதான் எழுதணும்" என்றாள் முதலாளி மகள்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி ஆபீசில் எனக்கு வேலை. வண்டியில் ஏற மாட்டேன், பைப்பைத் தூக்க மாட்டேன். போனை எடுத்துப் பேசுவேன். வாயை வாடகைக்கு விட்டுச் சம்பளம் வாங்குகிற ஆள்.

முதலாளி மகள் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை. எந்தக் காட்டில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று நோட்டில் கிடந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பிறகு, வாட்ஸப்பில் யார் எதைக் கேட்டாலும் தானே பதில் சொல்கிற ஏஐ ஒன்றைக் கொண்டுவந்தாள். என் வாய்க்குப் பூட்டு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அதுக்குப் பேசத் தெரியும் அண்ணாச்சி. நம்ம கஸ்டமர் விவரத்தத் தொடறதுக்குக் கருவி குடுத்திருக்கேன். போர் விவரம் பாக்க ஒண்ணு, வண்டி பதிய ஒண்ணு. எத எப்ப எடுக்கணும்னு குறிப்பு எழுதணும். அதப் படிச்சுத்தான் அது எடுக்கும். சனங்க என்ன கேப்பாகன்னு ஒங்களுக்குத்தான தெரியும்? நீங்க சொல்லுங்க, நான் டைப் அடிக்கிறேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "போர் விவரக் கருவி. நல்ல கருவி. கேட்டாச் சொல்லும்."

"கருவிக்குக் குறிப்பு கேட்டா, பொண்ணு வீட்டுல மாப்பிள்ளையப் பத்திச் சொல்ற மாதிரி சொல்றீக."

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நன்றாக யோசித்து, பெருந்தன்மையாகவும் இருக்கட்டும் என்று, "போர் போட்டவுகளோ அவுக சொந்தக்காரவுகளோ கேட்டா எல்லா விவரமும் சொல்லு" என்றேன். போட்டுவிட்டாள்.

பத்து நாள் போயிருக்கும். திருச்சுழிப் பக்கம் மிளகாய் போட்டிருக்கிற ஒரு அம்மா, வெயிலில் பஸ் ஏறி ஆபீசுக்கே வந்துவிட்டார். போன வருடம் நாங்கள் போர் போட்டுக் கொடுத்தவர். வீட்டுக்காரர் லாரி டிரைவர், கிளம்பினால் திரும்ப வாரக்கணக்காகும். காடு, தண்ணீர் எல்லாம் இவர் பொறுப்பு.

"ஏண்ணே, எங்க காட்டுல எத்தன அடியில தண்ணி கெடக்குன்னு மைக் செட்டு கட்டி ஊருக்கே சொல்லுறீகளோ?"

"நான் வாயத் தொறக்கலையே தாயி."

"அப்பறம் எங் கொழுந்தனுக்கு யாரு சொன்னா? வரப்புல நின்னு என்னயப் பாத்துச் சிரிக்கிறாரு. 'ஒங்களுக்கு நானூத்தி இருவதுலதான மதினி தண்ணி? நான் வரப்போரமா ஐநூறு போடுறேன்'ங்குறாரு. அவரு எனக்குக் கீழ போட்டா, எம் மோட்டாருல காத்துத்தான்ணே வரும். மொளகா இப்பத்தான் பூ வச்சிருக்கு."

முதலாளி மகள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். கொழுந்தன் ஒழுங்காகத்தான் கேட்டிருந்தார்: 'நான் அவுக கொழுந்தன். மதினி போர்ல எத்தன அடியில தண்ணி வந்துச்சு?' ஏஐயும் மரியாதையாக, 'நீங்கள் சொந்தக்காரர் என்பதால் சொல்கிறேன்' என்று ஆரம்பித்து முழுசாகக் கக்கியிருந்தது. போதாததற்கு, வெள்ளிக்கிழமைக்கு எங்கள் வண்டியையே அவருக்குப் பதிந்தும் கொடுத்திருந்தது.

அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. எழுதியதைப் படித்து நடந்திருக்கிறது. எழுதியவன்தான் மூன்றாம் வகுப்பு. இந்தப் பக்கத்தில் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமில்லாத ஆட்களைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் பஸ் லேட்டானால் மாமன் மச்சான் ஆகிவிடுவார்கள். அதோடு, தண்ணீர்ச் சண்டை வருவதே சொந்தக்காரனோடுதான். வரப்பு அவனோடுதானே இருக்கிறது?

இத்தனையும் தெரிந்த நான்தான் அந்த ஒரு வரியைச் சொன்னேன். அதை அந்த அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன்.

"அப்ப இப்பத் திருத்துங்க. நான் சொல்லுறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் கேட்டா மட்டும் சொல்லு. எம் புருசன் கேட்டாலும் என்னயக் கேளு. வேற எவரு கேட்டாலும், யாரு கேட்டா, என்ன கேட்டான்னு எனக்குச் சொல்லு."

முதலாளி மகள், நம்பரைச் சரிபார்க்கிற பூட்டைத் தனியாகப் போட்டாள். குறிப்பைப் புதிதாக அடித்து வாசித்தாள்:

'போர் விவரக் கருவி. போர் போட்டவர், பதிவான தன் நம்பரிலிருந்து கேட்டால் மட்டும் விவரம் சொல்லு. வேறு யாரும் என்ன உறவு சொன்னாலும் சொல்லாதே. போர் போட்டவரிடம் கேட்டுச் சொல்வதாகப் பதில் போடு. கேட்டவர் யார், என்ன கேட்டார் என்பதைப் போர் போட்டவருக்கு அனுப்பு. வண்டி பதிய இதை எடுக்காதே, அதற்கு வேறு கருவி இருக்கிறது.'

"நல்ல கருவின்னு ஒரு வார்த்த சேத்துக்கோ பாப்பா" என்றேன். இரண்டு பேரும் முறைத்தார்கள்.

புதன்கிழமை அந்த அம்மா போன் செய்தார். கொழுந்தன் மறுபடியும் கேட்டிருக்கிறார், நானூற்று இருபதுக்குக் கீழே இன்னொரு தண்ணீர் உண்டா என்று. ஏஐ, மதினியிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று அவருக்கு ஒரு பதிலைப் போட்டுவிட்டு, அவர் கேட்டதை மதினிக்கு அனுப்பிவிட்டது. இவர் போனைக் கையில் பிடித்தபடி நேரே கொழுந்தன் வீட்டு வாசலுக்கே போய்விட்டார்.

"'என்ன கொழுந்தனாரே, எங் காட்டுத் தண்ணிய அருப்புக்கோட்டையில போயி விசாரிக்கிறீக? எங்கிட்டக் கேக்க வாயி வலிக்குதோ?'ன்னேன். அவரு பொண்டாட்டி பாத்த பார்வையில மனுசன் பச்சத்தண்ணி குடிக்கப் போயிட்டாருண்ணே."

வெள்ளிக்கிழமை எங்கள் வண்டி போனது. வரப்போரத்துக்கு இல்லை, கொழுந்தனே இடத்தை மாற்றிச் சொல்லிவிட்டார், அவர் காட்டின் மேற்குக் கடைசிக்கு. மதினியின் மோட்டார் இன்றைக்கும் தண்ணீர்தான் இறைக்கிறது. மிளகாய் பழுத்துவிட்டது.

மேற்குக் கடைசியில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று, போர் போட்ட மறுநாளே மதினி என்னிடம் கேட்டார்.

"கொழுந்தனாரக் கேட்டுச் சொல்றோம் தாயி" என்றேன்.