மைக் மூடியிருந்த மத்தியானம்

பிள்ளைகளே, இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். தில்லியிலேயே வளர்ந்த உங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும், ஆகட்டும். வீட்டில் நெட் சுற்றிக்கொண்டே நின்றால் ரவுட்டரை ஓங்கித் தட்டுகிறீர்களே, அப்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது.

நான் உதவியாளாக இருக்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் கிணற்றுத் தண்ணீரிலுள்ள புளோரைடைப் பற்றி ஆராய்கிறார்கள். பல்லைக் கறையாக்கி, எலும்பையே வளைத்துவிடும் அது. தான்சானியாவிலும் அதே தொல்லை. அங்கே ஒரு பெண், இந்தக் கூடத்தை நடத்தும் எங்கள் மேடத்தோடு சேர்ந்து வருஷக்கணக்காக ஆராய்ச்சி செய்தாள். மேடம் மதுரைக்காரர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. வீடியோ போட்டால் குரல் அறுந்துவிடும் என்று அதைத் திறப்பதே இல்லை. பேச்சோடு திரையில் காட்டவேண்டிய படங்களை அவள் முந்தின நாளே அனுப்பிவிடுவாள். பேசும்போது 'நெக்ஸ்ட்' என்றால் இங்கே நான் பட்டனைத் தட்டுவேன். நடுவில் லைன் போய்விட்டால், மறுபடி முதல் படத்திலிருந்து ஆரம்பிப்பாள். அது அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு.

அன்றைக்கு அவளுடைய டாக்டர் பட்டத்துக்கான கடைசிப் பேச்சு. கேட்டு முடிவு சொல்ல வேண்டிய இரண்டு பேராசிரியர்கள் இங்கே தில்லியில். அன்று தவறினால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

லைன் முழுவதும் அவளுக்கே கிடைக்கட்டும் என்று நான் அறை அறையாகப் போனேன்.

"பையா, வைஃபை பந்த் கரோ. ஜல்தி!" என்று சீக்கிரம் அணைக்கச் சொல்லி விரட்டினேன்.

"அங்கிள், மேட்ச் ஓடுது!" என்று ஹிந்தியில் கெஞ்சினான் ஒரு மாணவன்.

"அவ பாஸானா மிட்டாய் வரும். மூடு," என்றேன் நானும் ஹிந்தியில்.

குரல் ஒரு தடவைகூட அறவில்லை. பேசி முடித்தாள். பேராசிரியர்கள் கைதட்டினார்கள். "அச்சா, பஹுத் அச்சா" என்று மெச்சியபடி தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஸ்பீக்கரில், "ஹலோ?... ஹலோ?"

பிறகு ஒரு பெருமூச்சு. "முதல் படம், ப்ளீஸ்," என்றாள் ஆங்கிலத்தில்.

நானும் பழக்கதோஷத்தில் முதல் படத்துக்குப் போனேன். அவள் வணக்கத்திலிருந்து மறுபடி தொடங்கிவிட்டாள்.

"அண்ணே, என்ன பண்றீங்க?" என்றார் மேடம்.

"மொதப் படத்துக்குப் போகச் சொல்லுதுல்லா மேடம், அந்தப் பிள்ள."

"ஐயையோ! ஏசி சத்தம் கேக்கக் கூடாதுன்னு மைக்கை நான்ல மூடி வச்சேன்! லைன் போச்சுன்னு நெனச்சுட்டா!"

மைக்கைத் திறந்தார். பேராசிரியர்கள் சிரித்துக்கொண்டே மறுபடி கைதட்டினார்கள். "பாஸ்! பாஸ்!" என்று கத்தினார் ஒருவர்.

இப்போது நிஜமாகவே லைன் போய்விட்டதோ என்று நான் வயரை அழுத்திப் பார்த்தேன். அப்புறம் அவள் அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது. அவளுக்குப் பின்னால் ஓர் அறை நிறைய ஆட்களின் ஆரவாரம். அவ்வளவு பேரும் அதுவரை மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்!

எல்லோரும் மிட்டாய்க்குப் போனபின் கம்ப்யூட்டரை அணைக்க வந்தேன். திரையில் அந்த முதல் படமே நின்றிருந்தது. அப்படியே அணைக்க மனசு வரவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டி, அவள் நன்றி சொல்லும் கடைசிப் படத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அப்புறம்தான் அணைத்தேன்.