பன்னிரண்டு நாள் மிச்சமிருந்த காப்பு

டென்மார்க்கின் விபோர்க்கில் எங்கள் ஊர்ப் பெண்கள் ரக்பி லீக் அணி அந்த வருடம்தான் முதன்முறையாகப் பிராந்தியக் கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்கு வந்தது. ஒரு தடவை தோற்றால் வெளியே போக வேண்டிய போட்டி அது. அதுவரை ஒவ்வொரு வருடமும் முதல் ஆட்டத்திலேயே அடிவாங்கி வீடு திரும்பிய அணி. பதின்மூன்று பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. அந்தப் பதின்மூன்றில் என் மகளும் ஒருத்தி.

எனக்கு அந்தக் கண்டறியாத விளையாட்டைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பந்தோடு ஓடுகிறவளை மூன்று பேர் சேர்ந்து சாய்ப்பார்கள்; அவள் எழும்பி மீண்டும் ஓடுவாள், மீண்டும் சாய்ப்பார்கள். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் மகளின் காறையெலும்பு முறிந்தது. ஆறியதும் திரும்பப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மற்றத் தாய்மார் மடக்குக் கதிரையில் இருந்து கோப்பி குடிக்க, நான் கோட்டோரமாக மேலும் கீழும் நடப்பேன். என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியாது.

அவளுக்காக என்னால் முடிந்தது கௌரி விரதம் ஒன்றுதான். இருபத்தொரு நாள் ஒருநேரச் சாப்பாடு. கடைசி நாள் கோயிலில் காப்புநூல் வாங்கி அவளுடைய இடக்கையில் கட்டுவிப்பேன். அடுத்த வருடம் புதியது கட்டும்வரை அதைக் கழற்றக்கூடாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் அதன்மேல் நானே பிளாஸ்டர் சுற்றிவிடுவேன். அவள் கையை நீட்டியபடி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என் வாயை அடைப்பதற்காகத்தான் கட்டியிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

இறுதியாட்டம் ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை. அந்த வருட விரதத்தின் ஒன்பதாம் நாள். பழைய காப்புக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பசி ஒருபக்கம், முகத்தில் அடிக்கிற காற்று ஒருபக்கம், நான் யாரோடும் கதைக்கிற நிலையில் இல்லை.

நடுவர் ஒரு இளம்பெண். ஆட்டத்துக்கு முன் வரிசையாக எல்லோருடைய நகங்களையும் சப்பாத்தின் அடியையும் பார்த்துக்கொண்டு வந்தவள் மகளின் மணிக்கட்டைக் கண்டதும் நின்றாள். நூலைக் கழற்ற வேண்டும், பிளாஸ்டர் சுற்றினாலும் சரிவராது, எதிர் அணிக்காரியின் விரல் மாட்டினால் முறிந்துவிடும் என்றாள். முன்பு வந்த நடுவர்கள் கண்டும் காணாமல் விட்ட விஷயம். அவள் சொன்னதில் பிழையும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பயிற்சியாளர் கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். மகள் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். வீட்டில் எதற்கும் டேனிஷிலேயே பதில் சொல்கிறவள் தமிழில் சொன்னாள்.

"அம்மா, இது இல்லாம நான் விளையாடமாட்டன். எனக்குப் பயம்."

அவளுக்கும் பயம் என்று எனக்குத் தெரியாது. பயமெல்லாம் என்னுடையது மட்டும்தான் என்று இரண்டு வருடமாக நினைத்திருக்கிறேன். அப்பால் பன்னிரண்டு பெண்கள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்றைக்கு இவள் வெளியே நின்றால் இனி எந்த நாளும் உள்ளே இறங்கமாட்டாள் என்று எனக்கு விளங்கியது.

"பிள்ளை, ஒண்டு சொல்லுறன், கோவிக்காதை," என்றேன். "போன வருசம் நான் விரதத்தை முறிச்சுப்போட்டன். பதினெட்டாம் நாள் வேலையிலை, முதியோர் இல்லத்திலை ஒரு ஆச்சிக்குப் பிறந்தநாள். கேக் தந்தினம். மறந்துபோய்ச் சாப்பிட்டிட்டன்."

"கேக்கா?"

"ஓம். கிறீமோட. ஆருக்கும் சொல்லேல்லை. இது வெறும் நூல்."

"அப்ப இந்த வருசம் வெண்ட ஆட்டமெல்லாம்?"

"நீதான் வெண்டனீ. வெறுங்கையோடதான் விளையாடினனீ."

வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். பயிற்சியாளரிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கி நானே வெட்டினேன்.

அன்று முழுவதும் அந்த நூலைச் சட்டைப்பைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவள் விழுந்த ஒவ்வொரு தடவையும் நின்றேன், எழும்பியதும் நடந்தேன். இரண்டு புள்ளியால் கிண்ணம் எங்களுக்குக் கிடைத்தது.

தன் தாய் விரதத்தில் கேக் தின்ற கதையை மகள் இன்றைக்கும் கண்டவர்களுக்கெல்லாம் சொல்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அந்தக் கேக்கை நான் தொடவேயில்லை.