மா ரோஸ் "சாப்பிட்டாச்சு" என்றாள்

யாங்கோனில் தெரிந்தவர் எதிர்ப்பட்டால் முதல் கேள்வி, "தமின் சா பீபிலா?" சோறு சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். பதிலும் ஒன்றே ஒன்றுதான்: "சா பீபி." சாப்பிட்டாயிற்று. காலை பத்து மணிக்குக் கேட்டாலும் மாலை நாலு மணிக்குக் கேட்டாலும், வயிறு காய்ந்து கிடந்தாலும், அதே பதில். கல்யாணமாகி மயிலாடுதுறையிலிருந்து யாங்கோனின் பசுந்தாங்குப் பகுதிக்கு வந்த புதிதில் எனக்கு இது பிடிபடவில்லை. எதிர்வீட்டு பர்மிய அம்மா மாடிப்படியில் கேட்டபோது, இன்னும் இல்லை என்று வெகுளியாய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா வேகமாகத் திரும்பிப் போய் ஒரு தட்டுச் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து நீட்டினார். அன்றைக்கு அவர்கள் வீட்டில் யார் பட்டினி கிடந்தார்களோ தெரியாது. என் கணவர் மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரர். தலையில் அடித்துக்கொண்டார். "கேக்குறவங்க வூட்டுல சோறு இருக்கோ இல்லையோ, நாம சாப்ட்டாச்சுன்னுதான் சொல்லணும். ஆனா நம்மகிட்ட யாரும் அப்புடிச் சொன்னா நம்பிடாத. பேசாம தட்டை வச்சுடு." நம் ஊரிலும் அதுதானே வழக்கம்? வந்தவர் வேண்டாம் என்பார், நாம் இலையைப் போட்டுவிட்டுத்தான் மறுபேச்சுப் பேசுவோம். இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரு மரியாதை கிடைத்ததில் அன்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம் இது. தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை என்பதற்காகத்தான் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

பசுந்தாங்கில் ஒரு பருப்பு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆங்கிலக் கடிதங்கள் என் பொறுப்பு. தானியத்தின் தரம் பார்ப்பது ரோஸ்மேரியின் பொறுப்பு. அவளும் தமிழ்தான், பாட்டனார் இங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்தவராம். பர்மாவில் பெண்கள் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'மா' சேர்ப்பார்கள், எங்கள் அலுவலகத்தில் அவள் மா ரோஸ். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவள், ஆனாலும் வாய் நிறைய அக்கா என்பாள். பருப்பை உள்ளங்கையில் பரப்பி ஒரு ஊது ஊதினால் எந்த வயல், எத்தனை மாதம் என்று சொல்லிவிடுவாள். சென்ற ஆண்டு வியன்னாவில் நடந்த உணவுப் பொருள் கண்காட்சிக்கு முதலாளி எங்கள் இருவரையும் அனுப்பினார். ஓட்டலும் டிக்கெட்டும் அவரே எடுத்துவிட்டார். சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் இருவருக்குமாக ஒரே உறையில் யூரோ நோட்டுகளை வைத்து என் கையில் கொடுத்தார். "ஐந்து நாளைக்கு இது தாராளம். மிச்சம் பிடிச்சா நீங்களே வச்சுக்குங்க" என்றார். மிங்கலாடோன் விமான நிலையம் போகும் வழியெல்லாம் அந்தக் கடைசி வாக்கியம்தான் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. திருச்சியில் நர்சிங் படிக்கும் என் மகள் சுகன்யா கடைசித் தவணை கட்டாததால் பரீட்சை எழுத முடியாத நிலைமை. இங்கத்துப் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தது. கணவரின் பட்டறையிலோ மின்சாரம் வருகிற நேரத்துக்குத்தான் வேலை. உறை என் கைப்பைக்குள் போனபோதே அதில் பாதியை மகளுக்கென்று ஒதுக்கிவிட்டேன், ரோஸிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

ஐரோப்பிய நகரத்தில் சிக்கனமாகச் சாப்பிடுவது எப்படி என்று என்னைக் கேளுங்கள், வகுப்பே எடுப்பேன். உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. சூப்பர் மார்க்கெட்டில் முந்தின நாள் ரொட்டி பாதி விலை. தண்ணீருக்குக் காசே கொடுக்க வேண்டாம், அந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் மலையிலிருந்து வருகிறது, அத்தனை ருசி. காலையில் ரொட்டியும் தயிரும். மத்தியானம் கண்காட்சியில் ஒவ்வொரு கடையாகப் போய், பல்குத்தும் குச்சியில் செருகி வைத்திருக்கும் பாலாடைக்கட்டியையும் ஆலிவ் காயையும் மெச்சியபடியே தின்றுவிடலாம். சாயங்காலம் ஓட்டல் அறையில் நான் கொண்டுபோன புளிக்காய்ச்சலை, கடையில் வாங்கிய சோற்றுடப்பாவில் பிசைந்து கொள்வேன். முதல் நாள் சாயங்காலம் டப்பாவைப் பிரித்தபடி, "ரோஸு, உனக்கும் ஒண்ணு வாங்கவா?" என்றேன். "யாபாதேக்கா, சாப்ட்டாச்சு. ஸ்டாலுலயே நெறைய தின்னுட்டேன்" என்றாள். பரவாயில்லை என்பதற்கு அவளுக்குப் பர்மிய வார்த்தைதான் வாயில் வரும். நான் ஒரு டப்பாதான் வாங்கினேன். நாள் முழுக்க எங்கள் ஸ்டாலை விட்டு நகராமல் காவல் இருந்தவள் அவள். ஊர் சுற்றித் தின்றவள் நான். எங்கள் ஸ்டாலில் இருந்ததெல்லாம் பச்சைப் பருப்பு. அவள் எதைத் தின்றிருக்க முடியும் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். காலையில் அவளுக்கும் ரொட்டி கொடுத்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீட்டுகிற கையிலேயே அளவு தெரிந்துவிடும் அல்லவா? ஒன்று எடுத்துக்கொண்டு மூடி வைத்துவிடுவாள். மூன்றாம் நாள் அறை ஜன்னலோரம், சூடேற்றும் இரும்புக் குழாய்க்கு மேலே, பல் துலக்கும் கண்ணாடித் தம்ளரில் பட்டாணி ஊறிக்கொண்டிருந்தது. கண்காட்சிக்கு நாங்கள் கொண்டுபோன மாதிரிப் பொட்டலத்துப் பட்டாணி. வெள்ளையாக முளைவிட ஆரம்பித்திருந்தது. யாங்கோனில் முளைவிட்ட பட்டாணியை வேகவைத்து உப்பும் எண்ணெயும் பிசிறி, பேபியோ என்று தெருத்தெருவாகக் கூவி விற்பார்கள். பாதி ஊருக்குக் காலைப் பலகாரம் அது. "என்ன ரோஸு இது?" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மொளை ஒழுங்கா வுடுதான்னு பாக்குறேங்க்கா. யாராச்சும் கேப்பாங்க" என்றாள். தரம் பார்ப்பது அவள் வேலை, பொருத்தமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை தம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலுக்குள் பட்டாணித் தோல் ஒன்று ஒட்டியிருந்தது. நான் அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு எனக்குக் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். நம்புவது எனக்கு லாபமாக இருந்தது, நம்பினேன். இதைவிட நாகரிகமாக அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லாமல் ஒரு பழைய உணவு விடுதிக்குள் நுழைந்தோம். உட்கார்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருக்க முடியாது என்பதால், இருப்பதில் விலை குறைந்த சூப் ஒன்று சொன்னேன். கேட்காமலேயே ஒரு கூடை ரொட்டி வந்தது. எங்கள் டீக்கடைகளிலும் இப்படித்தான் சமோசாவும் பலகாரமும் மேசைக்கு வரும், தின்றதற்கு மட்டும் கணக்கு. ரோஸ் கூடையைப் பார்த்துவிட்டுக் கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டாள். கறுப்பு அங்கி போட்ட நரைமுடிப் பரிமாறுபவர், அம்மையாருக்கு என்ன என்று கேட்டார். "அவங்க சாப்பிட்டாச்சு" என்று நானே ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு ரோஸ் பக்கம் குனிந்து, "ஒன்றுமே வேண்டாமா? நிஜமாகவா?" என்றார். ரோஸுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஒன்றும் வாங்காமல் உட்காரக் கூடாது என்று விரட்டுவதாக நினைத்து, சட்டென்று எழுந்து, "நான் வெளிய நிக்கிறேங்க்கா" என்று மழையைப் பார்த்து நடந்தாள். ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அந்த மனிதர் பதறிப்போய் ஏதேதோ மன்னிப்புக் கேட்டார். சூப்போடு இரண்டு கரண்டிகள் கொண்டுவந்தார். ஒன்றை எனக்கும் ஒன்றை ரோஸுக்கும் முன்னால் வைத்தார்.

இருபத்திரண்டு வருடம் யாங்கோனில் சோறு தின்ற நான் கேட்காத இரண்டாம் கேள்வியை, எங்கள் வழக்கம் எதுவும் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் கேட்டுவிட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது. "எடுத்துக்க ரோஸு" என்றேன். "யாபாதேக்கா. நீங்க சாப்புடுங்க, ஆறிடும்" என்றாள். கிண்ணத்தை அவள் பக்கம் தள்ள ஒரு சாண் தூரம்தான். நான் தள்ளவில்லை. முழுவதையும் நானே குடித்தேன், இரண்டு ரொட்டியோடு. அவள் முன்னால் இருந்த கரண்டி துடைத்து வைத்தபடியே இருந்தது.

ஊருக்கு வந்ததும் நோட்டுகளை மாற்றித் திருச்சிக்கு அனுப்பினேன். சுகன்யா பரீட்சை எழுதினாள். "வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்த காசும்மா, ஒழுங்கா படி" என்று போனில் பெருமையாகச் சொல்லிவிட்டு, யார் வயிறு என்று நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரோஸோ அலுவலகம் முழுக்க, அக்கா என்னை அங்கே தங்கச்சி மாதிரிப் பார்த்துக்கொண்டார் என்று சொல்லித் திரிகிறாள். ஒருநாள் மனது கேட்காமல், "வியன்னாவுல நீ சரியாவே சாப்பிடலை, இல்லையா?" என்றேன். "அய்ய, சாப்ட்டேனேக்கா!" என்று சிரித்தாள். திட்டு வாங்குகிற வாய்ப்பைக்கூட அவள் எனக்குத் தரவில்லை.

போன வாரம் மத்தியானம் அலுவலகத்தில் இருக்கும்போது சுகன்யா கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. "சாப்பிட்டியா?" என்றேன். "சாப்ட்டேம்மா." இடைவெளியே இல்லாமல், கேள்வி முடியும் முன் வந்த பதில். மகள் பிறந்து வளர்ந்தது பசுந்தாங்கில் என்பது எனக்கு அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது. வார்த்தை தமிழ், வழக்கம் யாங்கோன். திருச்சியில் அவளைக் கேட்பவர்கள் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா? யாராவது இன்னொரு தரம் கேட்பார்களா? "நெஜமாவாடி?" என்றேன். "நெஜமாம்மா." கடலுக்கு அந்தப்புறம் தட்டு வைக்க என் கை எட்டவில்லை. எதிர் மேசையில் ரோஸ் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தமின் சா பீபிலாக்கா?" என்றாள். "சாப்பிட்டாச்சு" என்றேன். அவள் அதை நம்பவில்லை. போனைக் காதிலிருந்து நான் எடுக்கும் முன்பே, ஒரு தட்டில் பேபியோவைக் கொட்டி, கரண்டியும் போட்டு, என் முன்னால் வைத்தாள்.