உப்பை மிதிக்காத கூட்டம்

உப்பு படியும் நாட்களில் எங்கள் மரக்காணத்து உப்பளத்தில் ஒருவரும் பாத்திக்குள் கால் வைக்க மாட்டோம். வைத்தால் அடிச்சேறு கிளம்பி உப்பு கறுத்துவிடும். வரப்பில் நின்றபடியே பலகையால் இழுப்போம். சின்ன வயதிலிருந்து பழகிய கால், தானாகவே வரப்பில் நின்றுவிடும்.

எண்பதுகளின் கடைசியில், பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்த நேரம். பெரிய மூட்டையோடு ஸ்வெட்டர் விற்க ஒரு நேபாளக்காரன் வந்தான். சின்னக் கண், சப்பை மூக்கு. அப்படி ஒரு முகத்தை நாங்கள் பார்த்ததில்லை.

"இந்த வெயிலுக்கு ஸ்வெட்டரா? அடுப்புக்கே குல்லா போடுவான் போலக்குது" என்று காலையில் சிரித்தவர்கள்தான், மதியம் ஒரு கூலிக்காரியின் பிள்ளையைக் காணோம் என்றதும், "அவன் மூஞ்சே சரியில்ல, மூட்டையில வச்சிருப்பான்" என்றார்கள்.

கழியோடு துரத்தினார்கள். அவன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினான். வரப்பு எது, பாத்தி எது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நான் வேலை செய்த பாத்தியின் நடுவில் போய் நின்றான். வந்தவர்கள் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள்.

மூட்டையை உதறினார்கள். கம்பளிதான் விழுந்தது.

"எங்கியோ ஒளிச்சிட்டான்டா!"

மண்கட்டி பறந்தது. அவன் நெற்றியில் ரத்தம் வழிந்தது. இன்னொருவன் கல்லைத் தூக்கினான். நான் பலகையைப் போட்டுவிட்டு உள்ளே இறங்கி, அவன் முன்னால் நின்றேன்.

"யக்கா, உப்பு பாழாப்பூடும், ஏறு வெளிய!"

"பாழாப் போவட்டும். எறி, பாக்கலாம். என் மேல பட்டுதுன்னா உன் ஊட்டு வாசல்ல வந்து உக்காருவேன்டா."

ஓங்கிய கல் அவன் கையிலேயே நின்றது. அதற்குள், உப்புக் குவியலை மூடும் ஓலைக்கட்டுக்குப் பின்னாலிருந்து பிள்ளை அழும் சத்தம். நிழலுக்கு ஒதுங்கியது, அங்கேயே தூங்கியிருக்கிறது. தாய் ஓடினாள்.

"சரி வுடு, வாங்கடா" என்று கலைந்தார்கள்.

குடத்துத் தண்ணீரில் அவன் நெற்றியைக் கழுவினேன். ஏதோ சொன்னான், புரியவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு, இந்த முறை வரப்பைப் பார்த்துப் பார்த்து நடந்து ரோட்டுக்குப் போனான்.

கோபத்தில் புத்தி தப்பிவிட்டது என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. புத்தி இருந்தது. வரப்பில் நின்ற கால்களில் இருந்தது.

மறுநாள் கல் தூக்கியவன் வந்து பாத்தியை எட்டிப் பார்த்தான். எங்கள் கால் பட்ட இடமெல்லாம் கறுத்துக் கிடந்தது.

"ஐயோ, நல்ல உப்பாச்சே!" என்று உச்சுக்கொட்டினான்.

அந்த மனுஷனின் நெற்றியைப் பற்றிக் கேட்பான் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். கேட்கவில்லை. நான் பலகையை எடுத்துக் கறுப்பை ஒதுக்க ஆரம்பித்தேன்.